இதர பிரிவில் போட்ட புத்தகம்

அப்பா இறந்த மறு வருடம் தம்பி கோயமுத்தூர் வீட்டைக் காலி செய்தான். அப்பாவின் புத்தகங்களை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டி லாரி பார்சலில் புனேவுக்கு அனுப்பிவிட்டான். "நீதானக்கா படிப்பே" என்றான் போனில். நான் படித்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால். சாங்வியில் எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. பெட்டிகளை வைக்க இடமில்லாமல் பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷினை ஒட்டி வைத்தோம். எட்டு மாதம் அங்கேயே கிடந்தன. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் காலில் இடிக்கும்.

என் கணவர் சாகணில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறார். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அதில் எங்கே குறை என்று தேடுகிறவர். இருபது வருடம் கூட இருந்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. காய்க்காரர் தானாக ஒரு கட்டு கொத்தமல்லி சேர்த்துப் போட்டால், உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பேன்.

பழைய சாமான் விற்கிற செயலி ஒன்றை என் போனில் ஏற்றிக் கொடுத்தவள் மகள். போட்டோ எடுத்து, விலை போட்டு, ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றாள். முதல் இரண்டும் சுலபமாக இருந்தன. பிரிவில்தான் மாட்டிக்கொண்டேன். நாவல், பாடநூல், போட்டித் தேர்வு, குழந்தைகள், ஆன்மிகம், சமையல், அரிய நூல்கள், இதர. தமிழ் என்று தனியாக எதுவும் இல்லை. ஆன்மிகப் புத்தகங்களை ஆன்மிகத்தில் போட்டேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த கட்டுகளை நாவலில் போட்டேன். கடைசியில் ஒரு புத்தகம் மிஞ்சியது. கிணறு வெட்டுவதைப் பற்றிய கையேடு. அட்டை போய், பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தார் அப்பா. பொருளடக்கத்தை மட்டும் பார்த்தேன். பாதி மண்ணும் பாறையும். கொஞ்சம் மரங்கள். கடைசியில் கிணறு தோண்ட நல்ல நாள், நட்சத்திரம். இது பாடமா, விவசாயமா, ஜோசியமா?

"என்னங்க, இதை எதுல போடறது?" என்று கேட்டேன்.

அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அதுல என்ன யோசனை? இதரன்னு ஒண்ணு இருக்குதல்ல, அதுல தள்ளிவுடு" என்றார்.

தள்ளிவிட்டேன். 'தமிழ்ப் புத்தகம், பழையது' என்பதோடு விவரம் முடிந்தது.

ஆன்மிகமும் நாவலும் அப்படியே கிடந்தன. இதர பிரிவில் போட்டதற்கு மட்டும் அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. 'வேறு தமிழ்ப் புத்தகம் இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்' என்று இந்தியில் எழுதியிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள். போட்டோவுக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூ. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. புனேவில் பேரம் பேசாமல் பழைய சாமான் வாங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலை எங்கள் ஹவுசிங் சொசைட்டி கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் இந்த ஊர் வழக்கப்படி கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றி, அதன்மேல் ஹெல்மெட்டும் போட்டிருந்தாள். கையில் முழங்கைக்கு மேல்வரை உறை. வயது என்னவென்றே தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "தமிழ் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டேன். "தோடா தோடா" என்றாள், கொஞ்சம் கொஞ்சம் என்று. பணம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்திலும் இன்னொன்றைப் பின்சீட்டிலும் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் வண்டி நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மகளின் நுழைவுத் தேர்வு கைடுகளை விற்கலாமென்று உட்கார்ந்தேன். மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'அரிய நூல்கள்' பிரிவில் ஒரு படத்தைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. பழுப்புக் காகித அட்டை. முதுகில் துணிப்பட்டை. அதில் அப்பா போட்ட கோணல் தையல்.

விலை, நான் போட்டதைப் போலப் பல மடங்கு. கீழே ஆங்கிலத்தில் விவரம்: 'சிறை முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஒரு தமிழ் விடுதலைப் போராட்ட வீரர் படித்த நூல். அவருடைய கையெழுத்துடன்.'

அடுத்த படத்தைத் தள்ளினேன். முதல் பக்கம். பச்சை மையில் அப்பாவின் எழுத்து. மேல் வரியில் நீர் பட்டு மை கலங்கியிருந்தது. ஆனாலும் எனக்குப் படிக்க முடிந்தது. 'சிறுவாணி முகாமில் படித்தது. மூன்று நாளாக மழை. வேலை இல்லை.'

அப்பா சர்வேயர். கல்யாணத்துக்கு முன்னால் சிறுவாணி மலையில் கூடாரம் போட்டுத் தங்கி அளவு வேலை பார்த்திருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. அவர் ஜெயிலைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவைக் கைதியாக்கி விற்கிறாள். அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எட்டு மாதம் என் வீட்டிலிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்ப்பது யாரோ ஒருத்தியின் விளம்பரத்தில். அதை அப்போது யோசிக்க நான் விரும்பவில்லை. அவளைப் பற்றி யோசிப்பது சுலபமாக இருந்தது.

கணவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"இது ஒருத்தி வேலையில்ல. கும்பலா இருக்கும். நீதான் வித்தவள்னு காட்டிக்காத. வாங்கற மாதிரி கேளு."

அவருடைய கணக்கிலிருந்து செய்தி அனுப்பினோம். போராட்ட வீரர் என்பதற்கு என்ன ஆதாரம்? உடனே பதில் வந்தது. 'தமிழில் அவரே எழுதியிருக்கிறார். நேரில் வந்து பார்க்கலாம். ஆனால் பெங்களூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.' கிர்க்கி பஜாருக்குப் பின்னால் ஒரு முகவரியும் இருந்தது. பெங்களூர்க்காரர் என்பது விலையை ஏற்றுவதற்கான புளுகு என்று இருவருமே முடிவு செய்தோம். முகவரி தருகிற திருடி உண்டா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. "அது நம்மளை நம்ப வெக்கறதுக்கு" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். வரிசையாக ஓட்டு வீடுகள். அவள் சொன்ன வீட்டு வாசலில் அதே ஸ்கூட்டர் நின்றது. கதவைத் திறந்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, காதில் பென்சில். முதலில் என் கணவரைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் எதிர்பார்த்தபடி அவள் முகம் மாறவில்லை.

"அரே, சாங்வி அக்கா! நீங்களா? வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள், நல்ல தமிழில்.

"அன்னிக்குத் தமிழ் தோடா தோடான்னீங்க?"

"பேசறது பக்கா பேசுவேன்க்கா. படிக்கறதுதான் தோடா. நீங்க இந்தில கேட்டீங்கோ, நானும் இந்திலயே சொல்ட்டேன்."

முன்னறை முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் பிரிவின் பெயரை எழுதியிருந்தாள். தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவராம். பள்ளிக்கூடம் மராத்தியில். தமிழ் எழுத்துகளை அம்மா ஒரு லீவில் சொல்லிக்கொடுத்ததோடு சரி. முன்பு ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், இப்போது இதுதான் வேலை. கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்காமல் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கப்பா ஜெயிலுக்குப் போனாருன்னு யாருங்க சொன்னது?"

"உங்கப்பாவா?"

"அந்தப் பச்சை மை எங்கப்பா எழுத்து."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். என் வீட்டில் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்து வரியின்மேல் விரலை வைத்தாள்.

"சி... றை... முகாமில். இதோ பாருங்கோ. அப்புறம் படித்தது. மூணு நாளா மழை."

"சிறையில்ல. சிறுவாணி. கோயமுத்தூர்ல மலை. அங்க சர்வே கேம்ப்."

"மலையா?" என்று என்னையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் போன்ல காட்டினேன்க்கா. அது ஜெயில் கேம்ப்புன்னு சொல்லுச்சு." போனை எடுத்துக் காட்டினாள். கேமராவில் காட்டினால் மொழிபெயர்க்குமே, அந்தத் திரையை அப்படியே படமாகப் பிடித்து வைத்திருந்தாள். சிறை முகாம் என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது.

"அதுக்காக விடுதலைப் போராட்ட வீரர்னு எழுதிருவீங்களா?" என்றார் என் கணவர்.

"அந்தக் காலத்துல புக்கு படிக்கறவங்க வேற இன்னாத்துக்கு சார் ஜெயிலுக்குப் போவாங்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"நீங்க இதரல போட்டிருந்தீங்கோ. அங்க பழைய சார்ஜர், உடைஞ்ச சேர்னு எல்லாம் கிடக்கும். யாரு வந்து தேடுவாங்கோ? நான் அதுலதான் எப்பவும் தேடுவேன். வெச்சிருக்கறவங்களுக்கே இன்னான்னு தெரியாததெல்லாம் அங்கதான் வரும்." அவள் குத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்தியது.

"அப்பா புக்கை ஏன்க்கா வித்தீங்கோ?"

"எடமில்ல" என்றேன்.

பெங்களூர்க்காரர் உண்மையிலேயே இருந்தார். அவருக்கு நடந்ததை எழுதச் சொன்னேன். என் முன்னாலேயே ஆங்கிலத்தில் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். சிறையல்ல, சர்வே முகாம், தவறுக்கு மன்னிக்கவும். நாங்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'அப்படியானால் எனக்குத் தேவையில்லை. சொன்னதற்கு நன்றி.'

அதே புத்தகம், அதே எழுத்து. எழுதியவர் மழையில் வேலையில்லாமல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயர் என்றதும் வேண்டியதில்லாமல் போய்விட்டது. அந்தப் பெங்களூர்க்காரர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் செய்ததில் தப்பு என்னவென்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை.

அவள் விளம்பரத்தை நீக்கிவிட்டு, உறையோடு புத்தகத்தை என் கையில் வைத்தாள். நான் வாங்கிய விலையையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேண்டாங்க்கா, விடுங்கோ" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டுக் கணவர் தலையைத் திருப்பினார். "தப்பு பண்ணாதவ எதுக்கு அந்தத் திரையப் படம் புடிச்சு வெச்சிருக்கறா? நாளைக்கு யாராவது கேப்பாங்கன்னு தெரிஞ்சுதான?"

எனக்கும் அந்த இடத்தில்தான் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னதும் உறுத்தல் இரட்டிப்பானது.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் பால்கனி வெளிச்சத்தில் முதல் பக்கத்தை வைத்து என் போன் கேமராவைக் காட்டினேன். 'சின்ன முகாம்' என்று வந்தது; மை கலங்கிய 'வாணி'யை விட்டுவிட்டு 'சிறு'வை மட்டும் படித்திருந்தது. கொஞ்சம் சாய்த்தேன். மறுபடியும் 'சின்ன.' கொடியில் தொங்கிய துணியின் நிழல் பக்கத்தில் விழும்படி காட்டியபோது ஒரே ஒரு தடவை 'சிறை' என்று வந்தது. உடனே மாறிவிட்டது. ஆக, அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம்.

அன்றுதான் புத்தகத்தைப் படித்தேன். இன்ன மரத்துக்குத் தெற்கே கறையான் புற்றிருந்தால் இத்தனை அடியில் தண்ணீர் என்று ஆசிரியர் அடித்துச் சொல்லிக்கொண்டே போகிறார். ஓரத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. 'பார்த்தேன். இல்லை.' இன்னொரு பக்கத்தில், 'பார்த்தேன். சரி.' வேறொரு பக்கத்தில், 'இரண்டு இடத்தில் பார்த்தேன். பொய்.' அச்சில் வந்தது என்பதற்காக மனிதர் ஒரு வரியைக்கூட நம்பவில்லை. வேலை நேரம் போக மலையில் மரத்தடிகளாகச் சுற்றிச் சரிபார்த்திருக்கிறார். என் சந்தேக புத்தி சாகணிலிருந்து, கணவர் வழியாக வந்ததென்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அவளிடமிருந்து செய்தி வந்தது. ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைத்திருக்கிறது, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வரச் சொன்னேன். நேரில் அவள் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

வந்தாள். துப்பட்டாவை அவிழ்த்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு டீ குடித்தாள். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத" என்றேன். அவளை ஒருமையில் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு நெசமாவே தப்பாத்தான் படிச்சியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். மறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மறுத்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"முதல் தபா காட்டினப்போ ஜெயில்னு வந்துச்சுக்கா. சச்சி, நிஜமாத்தான். சந்தோசத்துல உடனே படம் புடிச்சிட்டேன். ரெண்டாவது தபா காட்டினப்போ சின்ன கேம்ப்புன்னு வந்துச்சு." மடியிலிருந்த துப்பட்டாவின் மடிப்பை நீவினாள். "மூணாவது தபா நான் காட்டவே இல்ல."

"யாரையாவது கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டிருக்கலாம். எங்க லைன் வீடுங்கள்லயே தமிழ் படிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்கோ. கேட்டா இல்லன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அந்த மாசம் ஒண்ணுமே போகலக்கா."

ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த குறை இதுதான். கிடைத்ததும் வெற்றி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. கழுத்தில் கட்டியிருந்ததை யாரோ தளர்த்திவிட்டது போலிருந்தது. தன் தப்பை அது கிடந்த இடத்திலேயே எடுத்துக் காட்டிவிட்டாள். இதர பிரிவில் தள்ளிவிடவில்லை.

"நான் சொன்னதும் பொய்தான்" என்றேன்.

"எது?"

"எடமில்லாம வித்தேன்னு சொன்னது. அலமாரில ஒரு புத்தகத்துக்கு எடமில்லாம போகுமா? நான் அதைத் தொறந்தே பாக்கல. தொறந்தா எல்லாத்தையும் தொறக்கோணும். அழுவோணும். அதுக்குப் பயந்துட்டு இதரல போட்டுட்டேன்."

அவள் 'ம்' என்றாள். பிறகு பையிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை எடுத்து நீட்டினாள். தையல் கலை பற்றிய பழைய புத்தகம். நடுவில் ரவிக்கை அளவுகள் வரைந்த காகிதம் மடித்து வைத்திருந்தது. முதல் பக்கத்தில் பெண் எழுத்தில் இரண்டு வரி.

"'தையல் வகுப்பு, முதல் நாள். டீச்சர் கோபக்காரி'ன்னு எழுதியிருக்குது" என்று படித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஜெயில் கியில் ஒண்ணும் இல்லையே?"

இருவரும் சிரித்தோம். 'தொழில் பயிற்சி' என்று ஒரு பிரிவு இருப்பது அவள் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. அதில் போடலாம் என்று சேர்ந்து முடிவு செய்தோம். எழுத்துள்ள பக்கத்தையும் படம் எடுத்தாள்.

கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டு அடங்கியது. டம்ளர்களைக் கழுவி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனைத் திறந்து, அவள் அந்தப் புத்தகத்தை எதில் போட்டிருக்கிறாள், என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். தொழில் பயிற்சி. 'பழைய தமிழ்த் தையல் நூல், ஒரு மாணவியின் குறிப்புடன்.' சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவையும் படித்துவிட்டு மூடினேன்.